தீம் பார்க் ஷோவில் நீங்களும் மேடையேற: ஒரு முழுமையான வழிகாட்டி

தீம் பார்க்குக்குச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் ரைடுகளின் காத்திருப்பு நேரத்தை வைத்தே அன்றைய நாளைத் திட்டமிடுகின்றன. நேரடி நிகழ்ச்சிகளோ, வெயில் ஏறிய பிறகு சற்று உட்கார்ந்து கால்வலி ஆற்றிக்கொள்ளும் இடமாகவே கருதப்படுகின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ பகுதியில் அமைந்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட், யுனிவர்சல் ஆர்லாண்டோ ஆகிய இரு வளாகங்களுக்கும் செல்பவர்கள் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வது நல்லது. அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து வந்தால்தான் கதை மேலே நகரும் என்ற விதத்தில் அமைக்கப்பட்ட நிகழ்ச்சிகள் அங்கே பல உள்ளன. அவற்றில் பங்கேற்கத் தனிக் கட்டணம் கிடையாது; பூங்காவின் நுழைவுச்சீட்டே போதும்.

மேடைக்கு அழைக்கப்படுவது முழுக்க அதிர்ஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு அதில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் தேர்ந்தெடுப்பவரின் இடத்தில் நின்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவருக்குக் கிடைப்பவை சில நிமிடங்கள். அதற்குள், முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோரில், சொன்னதைக் காதில் வாங்கி நடப்பவர் யார், கூச்சத்தில் உறைந்துபோகாதவர் யார், மேடை கிடைத்ததும் நிகழ்ச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகாதவர் யார் என்று அவர் கண்டுபிடித்தாக வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அவருடைய இந்த வேலையை எளிதாக்குவதற்கானவை.

படி 1: உங்களுக்குப் பொருந்தும் பங்கேற்பு எது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் பங்கேற்பும் ஒரே அளவினது அல்ல. அரங்கமே ஒன்றாகச் சேர்ந்து பாடுவதும், இருந்த இடத்திலிருந்தே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதும், வேடம் பூண்டு மேடையில் நிற்பதும் மூன்று வெவ்வேறு துணிச்சல்களைக் கேட்பவை. குடும்பத்தில் யாருக்கு எது ஒத்துவரும் என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், அரங்கில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி "நீ போ, நீ போ" என்று வற்புறுத்தும் சங்கடம் வராது.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கூட்டப் பங்கேற்பிலிருந்து தொடங்கலாம். டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் நடக்கும் 'ஃப்ரோசன்' சேர்ந்திசை நிகழ்ச்சியில் பாடல் வரிகள் திரையில் ஓட, அரங்கில் இருப்பவர்கள் எல்லோரும் பாடுகிறார்கள். 1998-இல் திறக்கப்பட்ட டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் அப்போதிருந்தே நடந்துவரும் 'ஃபெஸ்டிவல் ஆஃப் தி லயன் கிங்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அரங்கம் யானை, காட்டுப்பன்றி, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் என நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியினரும் தமக்குரிய விலங்கின் குரலை எழுப்ப வேண்டும். நிகழ்ச்சியின் முடிவில் சில சிறுவர்களின் கையில் சிறு தாளக் கருவிகளைக் கொடுத்து ஊர்வலமாக அழைத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. அந்த ஊர்வலம் இறங்கி வந்து சேரும் முன்வரிசைகளில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கே இயல்பாக வாய்ப்பு அதிகம்.

இருக்கையிலிருந்தே பேசும் வகைக்கு டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் உள்ள 'மான்ஸ்டர்ஸ் இங்க் லாஃப் ஃப்ளோர்', எப்காட் பூங்காவில் உள்ள 'டர்ட்டில் டாக் வித் க்ரஷ்' ஆகிய இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். மேடையேறும் வகையில் தலையாயது, பார்வையாளர்கள் சிலரைத் துணைநடிகர்களாக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸின் 'இண்டியானா ஜோன்ஸ் எபிக் ஸ்டண்ட் ஸ்பெக்டாக்குலர்'. யுனிவர்சலின் 'ஹாரர் மேக்கப் ஷோ'வும் பார்வையாளர் ஒருவரை மேடைக்கு அழைத்துப் போலிக் கத்தியும் போலி ரத்தமும் வேலை செய்யும் விதத்தைக் காட்டுகிறது. அது சிரிப்பும் அருவருப்பும் கலந்த நிகழ்ச்சி; சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

படி 2: நிகழ்ச்சி நேரத்தையும் நிபந்தனைகளையும் அன்று காலையிலேயே பாருங்கள்

நிகழ்ச்சி நேரங்கள் நாளுக்கு நாள் மாறுகின்றன. பராமரிப்புக்காகச் சில அரங்குகள் வாரக்கணக்கில் மூடப்படுவதும், பழைய நிகழ்ச்சிகள் ஒரேயடியாக நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே நண்பர்கள் சொன்னதையோ பழைய காணொளிகளையோ நம்பிச் செல்லாமல், டிஸ்னியின் 'மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்' ஆப்பிலும் யுனிவர்சலின் ஆப்பிலும் அன்றைய பட்டியலைப் பார்த்துவிடுங்கள். வயது வரம்பும் முக்கியம். இண்டியானா ஜோன்ஸ் நிகழ்ச்சிக்குத் துணைநடிகர்களாக 18 வயது நிரம்பியவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். 15 வயது மகனுக்கு ஆசை காட்டி அழைத்துச் சென்று ஏமாற்றம் அடையச் செய்ய வேண்டாம்.

புளோரிடாவின் வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அங்கே வாடிக்கை. இண்டியானா ஜோன்ஸ் அரங்கில் இருக்கைகளுக்கு மேலே கூரை உண்டு என்றாலும் நடிப்பிடம் திறந்தவெளி. நனைந்த தளத்தில் உயரத்திலிருந்து குதிப்பதும் நெருப்போடு விளையாடுவதும் ஆபத்து என்பதால், மழையிலும் மின்னலிலும் நிகழ்ச்சி நிறுத்தப்படலாம். அந்த மாதங்களில் செல்பவர்கள் நாளின் முதல் காட்சியைக் குறிவைப்பது நல்லது. அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: காலையில் பெரும்பாலோர் ரைடு வரிசைகளில் நிற்பதால், கை தூக்குபவர்களின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும்.

படி 3: உடையையும் உடைமைகளையும் சரிசெய்துகொள்ளுங்கள்

பளிச்சென்ற ஒரே நிறச் சட்டை, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உங்களைச் சுட்டிக்காட்ட உதவும்; "அந்த மஞ்சள் சட்டைக்காரர்" என்று ஒரே சொல்லில் அழைக்க முடிகிறவரை அழைப்பது அவர்களுக்கு எளிது. அதற்காகக் கதாபாத்திர வேடம் போட்டுக்கொண்டு போய்விட வேண்டாம். டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வழக்கமான நாட்களில் முழு வேடம் அணிந்து வருவதற்கு அனுமதி இல்லை; குழந்தைகளுக்கு இந்தத் தடை கிடையாது.

காலில் பிடிப்புள்ள, பின்பட்டை கொண்ட காலணி அவசியம். செருப்போடு மேடைப் படிகளில் விரைந்து ஏறி இறங்குவது சிரமம். இந்தியாவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல. அம்மா புடவையிலோ, துப்பட்டா அணிந்தோ இருந்தால் முந்தானையையும் துப்பட்டாவையும் செருகி ஊசி குத்திக்கொள்வது பாதுகாப்பு. வேட உடையை மேலே அணிவித்தாலும் அப்போது இடைஞ்சல் இருக்காது. கழுத்தில் தொங்கும் கேமரா, கையில் குளிர்பானம், முதுகில் பை ஆகியவற்றுடன் இருப்பவரை அழைக்கத் தேர்வாளர் தயங்குவார். அவற்றையெல்லாம் அருகில் இருப்பவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு தயாராக அமர்ந்திருங்கள்.

படி 4: இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்

இண்டியானா ஜோன்ஸ் அரங்கு ஏறத்தாழ 2,000 பேர் அமரக்கூடியது. அவ்வளவு பெரிய இடத்தில் மேலே, கடைசி வரிசையில் இருந்துகொண்டு கை அசைப்பதால் பெரிய பயன் இருக்காது. காட்சி தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே சென்று, நடுப்பகுதியில் கீழ்ப்பாதி வரிசைகளில், முடிந்தால் நடைபாதையை ஒட்டி அமருங்கள். நடைபாதை ஓர இருக்கையின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. பத்துப் பேரின் முழங்காலைத் தாண்டி வர வேண்டியவரை அழைத்தால் நேரம் வீணாகும். ஓரத்தில் இருப்பவர் அழைத்த நொடியில் எழுந்து வந்துவிடலாம்.

சிறிய அரங்குகளில் கணக்கு வேறு. டர்ட்டில் டாக் அரங்கில் குழந்தைகள் திரைக்கு முன்னால் தரையில் அமர்வார்கள், பெரியவர்கள் பின்னாலுள்ள பெஞ்சுகளில் அமர்வார்கள். குழந்தை தனியாக முன்னே சென்று உட்காரத் தயங்கினால், அருகிலுள்ள ஊழியரிடம் சொல்லிவிட்டு, குழந்தை திரும்பிப் பார்த்தால் தெரியும்படி நீங்கள் முதல் பெஞ்சிலேயே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு எல்லா அரங்குகளிலும் தனி இடம் உண்டு. அந்த இடத்திலிருந்து பங்கேற்க முடியுமா என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுபடும் என்பதால், உள்ளே நுழையும்போதே வாயிலில் நிற்கும் ஊழியரிடம் ஆர்வத்தைத் தெரிவித்துவிடுவது நல்லது.

படி 5: தேர்வு நடக்கும் அந்தச் சில நிமிடங்கள்

இந்தப் படியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் தவறவிடுவது இங்கேதான். இண்டியானா ஜோன்ஸ் நிகழ்ச்சி 1989 ஆகஸ்ட் 25 அன்று தொடங்கியது. ஒரு திரைப்படத்தின் சண்டைக் காட்சிகள் படமாக்கப்படும் படப்பிடிப்புத் தளத்துக்கு நாம் வந்திருப்பதாக அதன் அமைப்பு சொல்கிறது. ஆகவே முதலில் மேடைக்கு வருபவர், துணைநடிகர்களைத் தேர்வு செய்யும் அலுவலராகவே வருகிறார். கூட்டத்தைப் பார்த்து, இன்றைய படப்பிடிப்புக்கு ஆட்கள் தேவை என்கிறார். யாருக்கு விருப்பம் என்று கேட்கிறார். சட்டென்று அரங்கின் பல பகுதிகளில் கைகள் உயர்கின்றன, சிலர் எழுந்து குதிக்கிறார்கள், சிலர் கத்துகிறார்கள். அவர் ஒவ்வொரு பகுதியாகப் பார்வையை ஓட்டி, விரல் நீட்டி ஒவ்வொருவராக அழைக்கிறார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. தாமதமாக வருபவர்களுக்கு இப்படி ஒரு தேர்வு நடந்ததே தெரியாது.

அந்தச் சமயத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை எளியவை. அவர் கேட்டதும் உடனே எழுந்து நின்று இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள். பாதி உயர்த்திய கை, தயக்கத்தின் அடையாளமாகவே தூரத்தில் தெரியும். முகத்தில் சிரிப்பு இருக்கட்டும், பார்வை அவர்மீதே இருக்கட்டும். அவர் உங்கள் பக்கம் திரும்பும்போது குரல் கொடுங்கள். அவர் ஏதாவது செய்யச் சொன்னால், அதாவது அலறச் சொன்னால் அலறுங்கள், நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். என் கணிப்பில், நிறுத்தச் சொன்னதும் நிறுத்துபவர் கூடுதலாக மதிக்கப்படுகிறார். வெடியும் நெருப்பும் உள்ள மேடையில், கட்டளைக்குக் கட்டுப்படும் மனிதரே அவர்களுக்குத் தேவை. இருக்கைமீது ஏறி நிற்பது, முன்னால் இருப்பவரைத் தள்ளுவது, அழைக்காமலே மேடையை நோக்கி ஓடுவது ஆகியவை உங்களைத் தகுதி நீக்கம் செய்துவிடும்.

மனைவியையோ நண்பரையோ சுட்டிக்காட்டி "இவரை எடுங்கள்" என்று கூவுவதும் பயன் தராது. சுட்டிக்காட்டப்பட்டவரின் முகத்தில் சங்கடம் தெரிந்தால், நல்ல கலைஞர்கள் அவரைத் தொடவே மாட்டார்கள்.

உடல்நிலை குறித்து இங்கேயே நேர்மையாக இருங்கள். கர்ப்பிணிகள், முதுகு அல்லது முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள், திடீர் வெடியோசையைத் தாங்க இயலாதவர்கள் மேடைப் பங்கேற்பைத் தவிர்த்து, இருக்கையிலிருந்து ரசிப்பதே முறை.

படி 6: மேடையில் நடந்துகொள்ளும் விதம்

தேர்வானவர்களை மேடைக்கு அழைத்து, பார்வையாளர் முன்னிலையில் ஒரு சிறு நடிப்புச் சோதனை வைக்கிறார்கள். பிறகு கெய்ரோ நகரச் சந்தைக் காட்சிக்கான நீண்ட அங்கியும் தலைத்துணியும் தருகிறார்கள். அந்த அங்கி உங்கள் உடைக்கு மேலேயே அணியப்படுவது. புளோரிடா வெயிலில் அது உடலைக் கொதிக்க வைக்கும் என்பதால், அதற்கு முன்பே போதிய தண்ணீர் குடித்திருங்கள். அதன்பின் உங்கள் காட்சி வரும் வரையில் மற்ற துணைநடிகர்களோடு தனியே அமர்த்தப்படுவீர்கள். அதாவது நிகழ்ச்சியின் பெரும்பகுதியைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்க முடியாது. முடிந்தபின் எங்கே சந்திப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான். கைப்பேசி உங்களிடம் இருக்கும் என்ற நம்பிக்கையில் இருந்துவிட வேண்டாம்.

காட்சியில் உங்கள் பணி சந்தைக்கு வந்த மக்களாக நிற்பது, சண்டை நடக்கும்போது அதிர்வது, ஆரவாரம் செய்வது போன்றவை. இரண்டாயிரம் பேர் அமரும் அரங்கில் கடைசி வரிசைக்கு உங்கள் கண்ணசைவு தெரியாது. கூத்து மேடையில் போல, உடல் முழுவதும் பேச வேண்டும்: பயம் என்றால் இரண்டடி பின்வாங்கிக் கையால் முகத்தை மறையுங்கள், வியப்பு என்றால் கையை விரித்து நில்லுங்கள். அசைவு பெரிதாக இருக்கட்டும், ஆனால் நிற்கச் சொன்ன இடத்தை விட்டு மட்டும் நகராதீர்கள். ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் எந்த இடத்தில் விழுவார், எந்தக் கம்பு எத்தனை அங்குலத்தில் சுழலும் என்பதெல்லாம் அளந்து வைக்கப்பட்டவை. நீங்கள் ஓரடி தள்ளி நின்றால் அந்த அளவு பிசகிவிடும். மேடைப் பொருள்கள் எதையும் சொல்லாமல் தொடாதீர்கள்.

துணைநடிகர்களில் ஒருவர் திடீரென்று சண்டையில் இழுபட்டுத் தூக்கி எறியப்படுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பயிற்சி பெற்ற ஸ்டண்ட் கலைஞர் ஒருவரைப் பார்வையாளர்களிடையே அமர்த்தி, அவரையும் பொதுமக்களில் ஒருவராகத் தேர்ந்தெடுப்பது இந்த நிகழ்ச்சியின் நெடுநாளைய உத்தி. உங்களுக்கு அத்தகைய அபாயம் எதையும் தர மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக நடிக்கிறாரே என்று தோன்றினால் மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்குத் திரும்பும் வரையில் அந்த ரகசியத்தைக் காப்பதும் ஒரு துணைநடிகரின் கடமையே.

பெயர், ஊர் கேட்டால் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லுங்கள். மைக்கை வாயருகே நீட்டுபவர் அதைப் பிடித்திருக்கட்டும், நீங்கள் கைப்பற்ற வேண்டாம். நெறியாளர் உங்களை வைத்து ஒரு நகைச்சுவை செய்தால், அதைவிடப் பெரிய நகைச்சுவையைச் சொல்ல முயல்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அவருடைய அடுத்த வரி ஏற்கனவே தயாராக இருக்கிறது. உங்கள் உண்மையான திகைப்பும் சிரிப்பும்தான் அந்த வரிக்குத் தேவையான எதிர்வினை. எல்லோரும் சிரிக்கும் சிறந்த தருணங்கள், பங்கேற்பவர் எதையும் திட்டமிடாதபோதுதான் உண்டாகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திரையோடு உரையாடும் நிகழ்ச்சிகள்

லாஃப் ஃப்ளோர் 2007 ஏப்ரலிலும், டர்ட்டில் டாக் 2004 நவம்பரிலும் தொடங்கப்பட்டவை. இரண்டிலும் திரையில் தெரியும் அனிமேஷன் பாத்திரம் உங்கள் சட்டையின் நிறத்தைச் சொல்லும், உங்கள் பெயரைக் கூப்பிடும், நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும். முன்பே பதிவு செய்யப்பட்ட படம் இப்படிப் பேசாது. தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று பாவையை ஆட்டியபடியே குரலும் கொடுக்கும் கலைஞரைப் போல, இங்கேயும் மறைவில் ஒரு நடிகர் இருக்கிறார்; அவர் கேமரா வழியாக அரங்கைப் பார்க்கிறார், அவர் பேசப் பேசக் கணினி அந்தப் பாத்திரத்தின் வாயையும் உடலையும் அந்தக் கணத்திலேயே அசைக்கிறது. நீங்கள் பேசுவது ஓர் உயிருள்ள கலைஞரோடு என்பதை நினைவில் வைத்தால், பதில்கள் தாமாகவே இயல்பாக வரும்.

லாஃப் ஃப்ளோரில் காத்திருக்கும்போதே குறுஞ்செய்தியாக நகைச்சுவைத் துணுக்குகளை அனுப்பலாம். அதற்கான எண் அங்கேயே காட்டப்படும். தேர்வானவை நிகழ்ச்சியில் வாசிக்கப்படுகின்றன. கேள்வியும் பதிலுமாக இரண்டே வரியில் முடிவதாகவும், குழந்தைகள் கேட்கத் தக்கதாகவும், ஆங்கிலத்தில் புரிவதாகவும் இருக்க வேண்டும். தமிழ்ச் சிலேடைகளை மொழிபெயர்த்து அனுப்பினால் எடுபடாது. கேமரா அரங்கில் உலவி யாரையாவது பிடித்துப் பெரிய திரையில் காட்டும். இதற்கு யாரும் கை தூக்கத் தேவையில்லை. வழக்கமாக ஓர் ஆண் பார்வையாளரைப் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சி முழுவதும் திரும்பத் திரும்ப அவரையே காட்டிச் சிரிக்க வைப்பார்கள். அப்படிச் சிக்கியவர் தலையைக் குனிந்துகொண்டால் சிரிப்பு அடங்கிவிடும். கேமராவைப் பார்த்துக் கை அசைத்தாலே போதும், அரங்கம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

டர்ட்டில் டாக்கில் ஊழியர் மைக்கோடு குழந்தையிடம் வருவார். க்ரஷ் என்ற கடலாமை பெயரைக் கேட்கும். யாழினி, எழிலன் போன்ற பெயர்கள் அந்நடிகருக்குப் புதியவையாக இருக்கும் என்பதால், பெயரை நிதானமாக இருமுறை சொல்லக் குழந்தையைப் பழக்குங்கள். உச்சரிப்பு பிசகினாலும் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். கேட்பதற்கு ஒரு கேள்வியையும் யோசித்து வைத்திருக்கலாம். "உனக்கு மீன் பிடிக்குமா?" என்றால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும், "ராத்திரி நீ எங்கே தூங்குவாய்?" என்று கேட்டால் ஆமை ஒரு கதையையே சொல்லத் தொடங்கும். இதே நிகழ்ச்சி டோக்கியோ டிஸ்னிசீயிலும் உண்டு, ஆனால் அங்கே ஆமை பேசுவது ஜப்பானிய மொழியில். வேறு நாட்டுப் பூங்காக்களுக்குச் செல்பவர்கள் நிகழ்ச்சியின் மொழியை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளோடு செல்பவர்கள் கவனிக்க வேண்டியவை

மேஜிக் கிங்டத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட 'என்சான்டட் டேல்ஸ் வித் பெல்' நிகழ்ச்சி, கூச்சமுள்ள குழந்தைக்கு ஏற்ற முதல் மேடை. சுவரில் உள்ள ஒரு கண்ணாடி கண்முன்னே பெரிதாகி வாசலாகத் திறக்கிறது. அதன்வழியே உள்ளே சென்றதும், 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கதையின் பாத்திரங்களை வந்திருப்பவர்களுக்கே பிரித்துக் கொடுத்து நடிக்க வைக்கிறார்கள். கூட்டம் சிறியது, பாத்திரங்கள் பல, வசனம் குறைவு. அப்பாக்களையும் காவல் வீரர்களாக நிறுத்திவிடுவதால், குழந்தை தனியாக நிற்கும் பயம் குறைகிறது.

யுனிவர்சலில் ஹாரி பாட்டர் பகுதிகளில் உள்ள 'ஆலிவேண்டர்ஸ்' மந்திரக்கோல் கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாக்ஸ்மீடில் 2010-இலும் டயகான் ஆலியில் 2014-இலும் இது திறக்கப்பட்டது. சிறு சிறு குழுக்களாக மங்கிய ஒளியுள்ள அறைக்குள் அனுப்பி, அவர்களில் ஒருவரை மட்டும் கடைக்காரர் அழைத்து ஒரு கோலைக் கையில் தருகிறார். அதை அசைத்ததும் அலமாரியில் ஏதோ உருள்கிறது, வேறொன்றைத் தருகிறார், அதுவும் சரிப்படவில்லை. கடைசியாக உரிய கோல் கைக்கு வந்ததும் ஒளியும் இசையும் எழுகின்றன. மூத்தவரோ சிறியவரோ, கண்ணை அகல விரித்து ஈடுபாட்டோடு பார்ப்பவரையே அவர் பெரும்பாலும் அழைக்கிறார் என்பதால், முன்னால் நின்று அவர் பேச்சைக் கவனியுங்கள். பெற்றோர் உள்ளே நுழையும் முன்பே அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: 'தேர்ந்தெடுத்த' அந்தக் கோல் இலவசம் அன்று. காட்சி முடிந்து கடைக்குள் சென்றதும் அதை விலை கொடுத்தே வாங்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையின் கையிலிருந்து கோலைத் திருப்பி வாங்கி வைப்பது கொடுமை. வாங்குவதா இல்லையா என்பதை அறைக்கு வெளியிலேயே முடிவு செய்து குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

தேர்வாகாத குழந்தைகளின் அழுகையையும் எதிர்பார்க்க வேண்டும். "உன்னைக் கூப்பிடுவார்கள்" என்று வாக்குக் கொடுக்காமல், "கூப்பிட்டால் போகலாம்" என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். டயகான் ஆலியில் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளில் இந்தக் காட்சி நடப்பதால், மீண்டும் ஒருமுறை வரிசையில் நிற்பது பெரிய சிரமமாக இருக்காது.

மறுப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு

விருப்பமில்லாதவர் எழுந்து போக வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. கலைஞர் உங்களை நோக்கி வரும்போது, சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிக் கையால் மறுத்துக் காட்டினால் அவர் அடுத்தவரிடம் சென்றுவிடுவார். அதில் அவருக்கு வருத்தம் இருக்காது. விளக்கம் சொல்லத் தொடங்குவதுதான் அவரைத் தடுமாற வைக்கும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்கு அருகில் ஆங்கிலம் அறிந்த ஒருவர் அமர்ந்துகொள்வது நல்லது. ஆயினும் மொழி தெரியாததை மட்டும் காரணமாக்கி அவர்களை ஒதுக்கி வைக்காதீர்கள்: சந்தைக் காட்சியில் அலறுவதற்கும், சிங்கத்தைப் போலக் கர்ஜிப்பதற்கும் ஆங்கிலம் வேண்டியதில்லை.

ஆர்லாண்டோ செல்ல இயலாதவர்களுக்கு

ஹைதராபாத்துக்கு அருகில் 1996 முதல் இயங்கும் ராமோஜி ஃபிலிம் சிட்டியில், படப்பிடிப்பு நடக்கும் விதத்தைக் காட்டும் 'ஆக்‌ஷன்' அரங்கு இருக்கிறது. பார்வையாளர்களிலிருந்து அழைக்கப்படும் ஒருவர், நின்ற இடத்திலேயே ஆட்டப்படும் குதிரை வண்டியில் அமர்ந்து ஓட்டுவதாக நடிக்கிறார். வேறு சிலர் குளம்பொலி போன்ற ஓசைகளை உண்டாக்குகிறார்கள். கடைசியில் பின்னணியும் ஒலியும் சேர்ந்த முழுக் காட்சி திரையில் ஓடுகிறது. தன் அசட்டு அசைவுகள் சினிமாவாக மாறுவதை ஒருவர் தானே பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சிக்கு ஈடில்லை. சிங்கப்பூர் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸின் 'வாட்டர்வேர்ல்ட்' நிகழ்ச்சியில், தொடங்கும் முன்பே நடிகர்கள் முன்வரிசையினர் மீது தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். நனையும் பகுதி என்று குறிக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்தாலே நீங்கள் பங்கேற்பாளர்தான். கைப்பேசிக்கு நீர்புகாத உறையும் மாற்று உடையும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 7: இறங்கி வந்த பிறகு

உங்களைப் படம் பிடிப்பவர் ஃபிளாஷ் இல்லாமல், இருக்கையில் அமர்ந்தபடியே பிடிக்க வேண்டும். நடைபாதையில் நின்றால் ஊழியர்கள் அமரச் சொல்வார்கள். அங்கியையும் மற்ற பொருள்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்று குடும்பத்தினரைக் கண்டுபிடியுங்கள். உங்களை நன்றாக நடத்திய ஊழியரின் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கும். டிஸ்னியில் அதில் பெயரோடு பெரும்பாலும் அவருடைய ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பெயரையும் நிகழ்ச்சியின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ஆப்பில் உள்ள ஊழியர் பாராட்டுப் பகுதியிலோ பூங்கா வாயிலை ஒட்டிய விருந்தினர் சேவை அலுவலகத்திலோ இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லும் நன்றி அங்கேயே முடிந்துவிடும். எழுதிக் கொடுத்தது அவருடைய மேலாளரிடமும் போய்ச் சேரும்.